கேப்டன் லட்சுமி: வாட்டர்லூ தெருவிலிருந்து கான்பூர் வரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி என்றதும் நம் ஊரில் எல்லார் மனத்திலும் ஒரே படம்தான் எழும். காக்கிச் சீருடை, தலையில் தொப்பி, துப்பாக்கி ஏந்திய பெண்கள் வரிசை, அந்த வரிசையைப் பார்வையிட்டபடி நேதாஜி. பள்ளிக் கண்காட்சிகளில் அந்தப் படத்தைத்தான் ஒட்டுகிறோம், பேச்சுப் போட்டிகளில் அந்தப் படத்தைத்தான் வருணிக்கிறோம். அந்தப் படத்துக்குள் அடங்கும் காலம் இரண்டு ஆண்டுதான், கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். அவர் வாழ்ந்ததோ 97 ஆண்டு. மீதியில் பெரும்பகுதி நோயாளிகள் காத்திருக்கும் ஒரு சிறிய மருந்தகத்தில் கழிந்தது. மருத்துவம் படித்தவர் போராளியாகி, பிறகு அரசியலுக்குப் போனார் என்று மூன்று தனித்தனி அத்தியாயமாக அவரைச் சொல்வது வழக்கம். அப்படிப் பிரித்தால் அவர் பிடிபடமாட்டார். படையிலும் கட்சியிலும் அவர் செய்தது, பிரசவ வார்டில் தொடங்கிய வேலையின் நீட்சி. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கப்போகிறோம்.

பிறப்பு, குடும்பம் எல்லாம் சுருக்கமாக. 1914 அக்டோபர் 24, சென்னை. தந்தை சுவாமிநாதன் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் ஆனக்கரைக் குடும்பத்துப் பெண், பின்னாளில் இந்திய அரசமைப்பு அவை உறுப்பினர், 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய் லட்சுமியின் தங்கை. வசதியான வீடு, படித்த வீடு. ஆனாலும் பாட்டி வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. மலையிலிருந்து வரும் மக்களின் நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொல்வார். சிறுமி லட்சுமி ஒருநாள் நேரே போய் அந்த மக்களில் ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்து விளையாட அழைத்து வந்துவிட்டார். பாட்டிக்குக் கடுங்கோபம். இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவுக்குப் போகும்போது தேவைப்படும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அதன்பின் மகப்பேறு, பெண்நோய் மருத்துவத்தில் பட்டயம். திருவல்லிக்கேணியில் நம் பழைய தலைமுறை 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பெண்கள் மருத்துவமனையில் வேலை. விமான ஓட்டி ஒருவருடன் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். வயது 25.

இங்கே அவர் தொடங்கியது ஏழைகளுக்கான மருந்தகம். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து பிழைப்புக்கு வந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்தக் காலத்துத் தோட்டப்புற மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு கால் தோல் வழியாகவே ஏறிவிடும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். அதோடு மலேரியா. இரண்டும் சேர்ந்தால் சோகை. சோகை பிடித்த உடம்பில் பிள்ளை தங்கினால் என்ன ஆகும் என்று மகப்பேறு பார்க்கிறவருக்குச் சொல்லவேண்டியதில்லை. கங்காணிக்கும் துரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை அவளுடைய இரத்தத்திலேயே எழுதியிருக்கும். இந்தப் பெண்களைத்தான் மூன்று ஆண்டு கழித்து அவர் அணிவகுப்பில் நிறுத்தினார்.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் சரணடைந்தது. பிப்ரவரி 17, ஃபேரர் பார்க் திடலில் சுமார் 40,000 இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கேதான் மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்த்தார்கள். லட்சுமி அந்த நாள்களில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு இந்தியர்களின் விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீக்கில் இருந்த கே.பி. கேசவ மேனன், எஸ்.சி. கோஹோ, என். ராகவன் போன்றவர்களோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் முட்டிக்கொண்டு முதல் ராணுவம் குலைந்தது. ஜப்பான்காரனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்குக் கேசவ மேனன் கொடுத்த விலை சிறை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார்கள் என்று நினைக்கவேண்டாம், இந்தச் சந்தேகம் இந்தியர்களுக்குள்ளேயே பலமாக இருந்தது.

இனி 1943. பேச்சுப் போட்டிக்கு வரும் மாணவர்களும் அவர்களைத் தயார் செய்யும் ஆசிரியர்களும் அடிக்கடி குழம்பும் இடம் இது. ஆகவே தேதியை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். ஜூலை 2, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4, கத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து லீக்கின் தலைமையை ஏற்றார். ஜூலை 5, பாடாங் திடலில் ராணுவ அணிவகுப்பு. 'டெல்லி சலோ' முழக்கம் அன்றைக்கு. ஜூலை 9, மறுபடியும் பாடாங், இம்முறை பொதுமக்கள் கூட்டம். 3 இலட்சம் வீரர்களும் 3 கோடி டாலரும் வேண்டும் என்று கேட்டது அங்கே. 1857இல் ஜான்சி ராணி பிடித்த வாளைப் பிடிக்கப் பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று கேட்டதும் அங்கேதான். ஜூலை 5 அணிவகுப்பில் லட்சுமி பெண்கள் படையை நடத்திச் சென்றார் என்று சில மேடைகளில் சொல்கிறார்கள். அன்றைக்கு அப்படி ஒரு படையே கிடையாது.

லீக்கின் சிங்கப்பூர்க் கிளைத் தலைவராக இருந்தவர் எல்லப்பா. பெண்கள் கூட்டத்துக்குப் போஸ் வரும்போது பெண்களைக் கொண்டே அணிவகுப்பு மரியாதை தரவேண்டும் என்று திட்டம் போட்டார்கள். லட்சுமி வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது 20 பேர். சேலை கட்டிய பெண்கள். .303 துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 4 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். அதைத் தூக்கி, நிமிர்ந்து, அசையாமல் நிற்பதை இரண்டொரு நாளில் பழகவேண்டும். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவாமல் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் சிரமம். ஜூலை 12 அன்று அவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். போஸ் லட்சுமியை அழைத்துப் பேசினார். படையை நீங்களே ஏற்று நடத்தவேண்டும் என்று கேட்டார், அவரும் ஒப்புக்கொண்டார். நடத்திக்கொண்டிருந்த மருந்தகத்தை விட்டார். ஆள் சேர்க்கும் வேலை தொடங்கியது.

அக்டோபர் 21, கத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் லட்சுமி, பெண்கள் நலத் துறைக்குப் பொறுப்பு. மறுநாள் அக்டோபர் 22, வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இன்று கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்க, இரண்டிலும் கும்பிட்டுவிட்டுப் போகும் கூட்டம் நிறைந்த அதே தெரு. முகாமுக்கு இடம் கிடைத்ததே பெரும்பாடு. பெண்கள் துப்பாக்கி பிடிப்பதை ஜப்பானிய அதிகாரிகள் விளையாட்டாகத்தான் பார்த்தார்கள்; இடம் தரவும் தளவாடம் தரவும் இழுத்தடித்தார்கள். எல்லப்பாவும் லீக்கின் ஆட்களும் இடத்தைத் தேடிச் செப்பனிட்டுத் தந்தார்கள்.

படையில் சேர விண்ணப்பத் தாளில் தந்தையின் அல்லது கணவரின் கையொப்பம் வேண்டும். நாட்டை விடுவிக்கப் போகும் பெண்ணுக்கு வீட்டு ஆணின் அனுமதி எதற்கு என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கையொப்பம் இல்லாமல் போயிருந்தால் 'பெண்களைக் கடத்திக்கொண்டு போகிறார்கள்' என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியிருக்கும், முகாம் ஒரு மாதம் தாங்கியிருக்காது. நடைமுறை தெரிந்தவர்கள் வகுத்த விதி அது. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்துப் பெண் ஜானகி தேவர், வயது 18. தந்தையிடம் அந்தக் கையொப்பத்தை வாங்குவதே அவருக்கு முதல் போராட்டமாக இருந்தது. இவர்தான் பின்னாளில் படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தவர். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஜானகியைப் போன்றவர்கள் சிலர். பெரும்பாலானவர்கள் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து) வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்கள் அவர்களில் நிறைய. ஏன் வந்தார்கள்? நேதாஜியின் பேச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், அது பாதி உண்மை. மீதியை அந்தக் காலத்துத் தோட்டத்தில் தேடவேண்டும். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. மரத்தில் பால் வெட்ட வேலையில்லை, கூலியில்லை. அரிசி பங்கீட்டுக்குப் போய்விட்டது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு இறங்கியது. ஆண்களை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். இந்தச் சூழலில் ஒரு பெண்ணுக்கு முகாம் தந்தது மூன்று வேளைச் சோறு, காலுக்குப் பூட்ஸ், அதைவிடப் பெரிதாக, 'ஏய்' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு இடம். தேசபக்தியையும் பசியையும் எதிரெதிராக நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

பயிற்சிக்கு வருவோம். உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, எறிகுண்டு, இலகுரக இயந்திரத் துப்பாக்கி, வரைபடம் பார்த்தல், கொஞ்சம் வரலாறு. செவிலியர் வேலைக்குத் தனிப் பிரிவு. சீருடை காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தொப்பி. நீளக் கூந்தல் தொப்பிக்குள் அடங்காது, பராமரிக்க நேரமும் இருக்காது. பலர் வெட்டிக்கொண்டார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எங்கே இடறியது? முதலில் மொழி. ராணுவத்தின் பொதுமொழி இந்துஸ்தானி, எழுதுவது ரோமன் எழுத்தில். கட்டளை இந்துஸ்தானியில் வரும், வரிசையில் நிற்பவர்களோ தமிழ் மட்டும் தெரிந்தவர்கள். வலப்புறம் திரும்பச் சொன்னால் பாதிப் பேர் இடப்புறம் திரும்புவார்கள். எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்கு முதலில் எழுத்து, அதற்குப்பின் மொழி, அதற்குப்பின் கட்டளை என்று மூன்று படி ஏறவேண்டியிருந்தது. லட்சுமி சென்னையில் வளர்ந்தவர். தமிழும் மலையாளமும் பேசுபவர். பல மொழி பேசியவர்கள் நிறைந்த ராணுவத்தில் இந்தப் பெண்களுக்கு அந்த ஒன்று பேருதவி. இரண்டாவது உடம்பு. முன்னே சொன்ன சோகையும் மலேரியாவும் முகாம் வாசலோடு நின்றுவிடுமா? தளபதி மருத்துவராக இருந்ததன் பொருள் இங்கேதான் தெரிகிறது. மூன்றாவது, ஒரே அடுக்களை. எழுத்தர் வீட்டுப் பெண்ணும் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுக்கவேண்டும். தோட்டத்தில் லயத்துக்கு லயம் சாதி பார்த்தே குடிவைத்த காலம். பாட்டி வீட்டில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்த சிறுமிக்கு இப்போது சில நூறு பேரைக் கைகோக்க வைக்கும் வேலை.

மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்? ஆயிரம் என்று வழக்கமாகச் சொல்கிறோம். 500க்கும் குறைவு என்று கணக்கிடுவோரும் உண்டு. அடித்துச் சொல்லாமல் 'சில நூறு பேர்' என்று பேசினால் தவறாகாது.

1944 தொடக்கத்தில் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியது. படையின் ஒரு பகுதியும் பர்மாவுக்குப் போனது. மலைநகரான மேமியோவில் முகாம். இம்பாலை நோக்கிய படையெடுப்பு மார்ச்சில் தொடங்கி, ஜூன் 22இல் முற்றுகை உடைந்து, ஜூலையில் முழுப் பின்வாங்கலாக முடிந்தது. ஜான்சி ராணிப் படை போர்முனையில் சண்டையிட்டது என்று எழுதுவது தவறு. களத்துக்கு அனுப்பவே இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்தது அப்படி. அவர்கள் செய்தது வேறு. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பட்டினியும் வாட்டிக் குற்றுயிராக இறங்கிவந்த வீரர்களை மேமியோவில் கழுவித் துடைத்து, மருந்து கொடுத்து, பலரைப் பிழைக்கவைத்தார்கள், முடியாதவர்களைப் புதைக்கவும் செய்தார்கள். அங்கே லட்சுமி தளபதியாக இருந்ததைவிட மருத்துவராக இருந்ததுதான் அதிகம்.

1945 ஏப்ரல் 24, போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். கூடவே ஜானகியும் பெண்களும். பகலில் விமானம் சுடும், அதனால் இரவில் நடை, பகலில் மறைவு. சித்தாங் ஆற்றைக் கடந்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாங்காக். ரயிலில் அனுப்பப்பட்ட ஒரு குழுவைக் கொரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் இறந்தார்கள். லட்சுமி அந்தப் பின்வாங்கலில் இல்லை. அவர் காயம்பட்டவர்களோடு பர்மாவிலேயே தங்கினார், பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார், 1946 மார்ச் வரை அங்கேயே காவலில் வைக்கப்பட்டார்.

அதற்கிடையில் இங்கே சிங்கப்பூரில் ஒன்று நடந்தது. 1945 ஜூலை 8, எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பியதும் மவுன்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995இல் அதே இடத்தில் நினைவுக் கல்வெட்டு வைக்கப்பட்டது. எஸ்பிளனேடு பூங்காவில் நடைபோடுகிறவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை.

லட்சுமி இந்தியா போய்ச் சேர்ந்தபோது, இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கு முடிந்திருந்தது. ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான், பிரேம் குமார் சாகல் மூவருக்கும் ஆயுள்தண்டனை விதித்து, நாடே கொதித்ததால் 1946 ஜனவரியில் தண்டனையை நீக்கிவிட்டார்கள். அந்தப் பிரேம் சாகலை 1947 மார்ச்சில் லாகூரில் லட்சுமி மணந்தார். கணவருக்குக் கான்பூரில் ஆலை வேலை. குடும்பம் அங்கே குடியேறியது. சில மாதத்தில் பிரிவினை. அகதிகள் வரத் தொடங்கினார்கள். டாக்டர் மறுபடியும் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

அடுத்த 24 ஆண்டு எந்தக் கட்சியும் இல்லை, எந்தப் பதவியும் இல்லை. கான்பூர் மருந்தகம், பிரசவம், இரண்டு பெண்பிள்ளைகள். வரலாற்று நூல்கள் இந்த ஆண்டுகளைத் தாவிவிடும். தாவக்கூடாது, அவருடைய அரசியல் ஊறியது இங்கேதான். ஒரே தெருவுக்கு இருபது ஆண்டு வைத்தியம் பார்ப்பவருக்கு அந்தத் தெருவின் பொருளாதாரம் தெரியாமல் இருக்காது. ஆலை மூடினால் அடுத்த மாதம் பிரசவத்துக்கு வரும் பெண்ணின் எடை குறையும்.

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வெள்ளமாக மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். மருத்துவர்களும் மருந்தும் வேண்டும் என்று ஜோதி பாசு வேண்டுகோள் விடுத்தார். லட்சுமி மருந்து திரட்டிக்கொண்டு கிளம்பினார், எல்லையோரம் போங்காவ் முகாம்களில் வாரக்கணக்கில் வேலை செய்தார். அதன்பின்தான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். வயது 57ஐ நெருங்கியிருந்தது. பலர் ஓய்வூதியத்தை எண்ணிப் பார்க்கும் வயது. மகள் சுபாஷினி அவருக்கு முன்பே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். தாயை மகள் கூட்டிக்கொண்டு போனார் என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை.

1981இல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் அமைந்தபோது அதன் தொடக்கத்திலேயே இருந்தார். 1984 அவருடைய வாழ்க்கையில் கடினமான ஆண்டு. இந்திரா காந்தி கொலைக்குப்பின் கான்பூரிலும் சீக்கியர்களைத் தாக்கக் கும்பல் கிளம்பியது. 70 வயதுப் பெண்மணி தெருவில் இறங்கி நின்றார். மருந்தகத்தைச் சுற்றிய நெரிசலான பகுதியில் சீக்கியர் மீது கைவைக்க விடவில்லை. அந்தத் தெருவில் அவர் கையால் பிறக்காத பிள்ளை எத்தனை இருந்திருக்கும்? கும்பலில் நின்றவனுக்கும் அது தெரிந்திருக்கும். அடுத்த மாதமே போபால். டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு. மருத்துவக் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு போனார். கர்ப்பிணிகளுக்கு அந்த வாயு செய்த நீண்டகாலக் கேட்டைப் பற்றிப் பின்னாளிலும் விடாமல் பேசினார். மகப்பேறு மருத்துவரின் கண் அங்கேயும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது.

1998இல் பத்ம விபூஷண். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தல். இந்தத் தேர்தலைப் பற்றி 'கலாம் எளிதாக வென்றார்' என்பதற்குமேல் நமக்கு ஒன்றும் தெரியாது. கணக்கைப் பார்த்தால் சுவையாக இருக்கும்.

இராமேஸ்வரத்துக்காரர் ஒரு பக்கம், சென்னையில் பிறந்தவர் மறுபக்கம். கலாமை ஆளுங்கூட்டணியும் ஆதரித்தது, எதிர்க்கட்சியான காங்கிரசும் ஆதரித்தது. இடதுசாரிக் கட்சிகள் நான்கும் சேர்ந்து 87 வயது லட்சுமியை நிறுத்தின. அந்த நான்கில் ஒன்று ஃபார்வர்டு பிளாக், 1939இல் சுபாஷ் போஸ் தொடங்கிய கட்சி. வேட்புமனுவுக்கு 50 முன்மொழிவோர், 50 வழிமொழிவோர், 15,000 ரூபாய் வைப்புத்தொகை. வாக்களிப்பது மக்கள் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள். நியமன உறுப்பினருக்கு வாக்கு இல்லை.

எல்லா வாக்குக்கும் ஒரே எடையும் இல்லை. மாநிலத்தின் 1971 மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடியும் 1,000ஆல் வகுப்பார்கள். தமிழ்நாட்டை எடுங்கள்: 41,199,168 பேர், 234 உறுப்பினர். வகுத்தால் ஏறத்தாழ 176,065. ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆக ஒரு தமிழக உறுப்பினரின் வாக்கு 176. உத்தரப்பிரதேசத்தில் 208. சிக்கிமில் 7. எல்லா மாநிலத்தையும் கூட்டினால் அப்போது 549,474. அதை 776 நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பங்கிட்டால் தலைக்கு 708. 1971க்குப் பிந்திய மக்கள்தொகையை எடுக்காததற்குக் காரணம் உண்டு: குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனால் பலம் இழந்துவிடக்கூடாது என்று அந்த ஆண்டோடு நிறுத்திவைத்தார்கள்.

இப்போது லட்சுமியின் நிலையைப் பாருங்கள். அவர் குடியிருந்த உத்தரப்பிரதேசத்தில் வாக்கின் மதிப்பு மிக அதிகம், அங்கே இடதுசாரிகளுக்கு ஆளே இல்லை என்று சொல்லலாம். பலம் இருந்தது மேற்கு வங்கத்தில்: 199 இடது முன்னணி உறுப்பினர், தலைக்கு 151, எல்லாரும் போட்டாலும் 30,049. கேரளத்தில் அப்போது எதிர்க்கட்சி. திரிபுராவில் ஆட்சி உண்டு, ஆனால் ஒரு வாக்கின் மதிப்பு 26. எப்படிக் கூட்டினாலும் வெல்ல வழியே இல்லை என்பது மனு கொடுக்கும் நாளிலேயே தெரியும்.

ஜூலை 15 வாக்குப்பதிவு, 18 எண்ணிக்கை. கலாம் 922,884. லட்சுமி 107,366. பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. 'டெபாசிட் போயிருக்குமே' என்று உடனே கேட்கத் தோன்றும். இந்தத் தேர்தலில் விதி வேறு. மொத்த வாக்கில் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கு இங்கே இல்லை. வெற்றிக்குத் தேவையான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் போதும். செல்லுபடியான 1,030,250இல் பாதியோடு ஒன்று கூட்டினால் 515,126. அதில் ஆறில் ஒன்று 85,854. ஆக அந்த வரம்பை லட்சுமி தாண்டிவிட்டார்.

தோற்பது உறுதி என்று தெரிந்த தேர்தலில் 87 வயதில் ஒருவர் ஏன் நிற்கவேண்டும்? குஜராத் கலவரம் நடந்த அதே ஆண்டு அது. எல்லாரும் ஒரே பெயரில் கையெழுத்திட்டு முடித்துவிட்டால், அந்தப் பதவியில் யார் இருக்கவேண்டும், என்னத்துக்காக இருக்கவேண்டும் என்ற பேச்சே எழாது என்று இடதுசாரிகள் நினைத்தார்கள். கலாமைப் பிடிக்கும் என்பதற்காக அந்த வாதத்தைக் கேலி செய்யவேண்டியதில்லை. கலாமைப் போற்றும் நம்மவர்களில் சிலர் லட்சுமியின் போட்டியை ஒரு குறும்பு என்பதுபோல் ஒதுக்குகிறார்கள். ஜூலை 1943இல் இருபது பெண்களைச் சேலையோடு துப்பாக்கி ஏந்தி நிறுத்தியதையும் ஜப்பானிய அதிகாரிகள் அப்படித்தான் பார்த்தார்கள்.

தேர்தல் முடிந்தது. அவர் கான்பூர் ஆரியநகர் மருந்தகத்துக்குத் திரும்பினார். 90ஐத் தாண்டியும் காலையில் போய் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 19 மாரடைப்பு. 23ஆம் தேதி கான்பூரில் காலமானார். உடலை மாணவர்கள் படிப்பதற்காக அவ்வூர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி நினைவு மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைத்தார்கள்.